டாக்டர் சீட்டு இருக்கு, சார்!

ஊக்கமருந்து பற்றிக் கேளுங்கள் என்று ஒரு வரி போட்டோம். ஊசியும் தசையுமாகக் கேள்விகள் வந்து குவியும் என்று நினைத்தோம். வந்தவை பி.பி. மாத்திரை, இருமல் மருந்து, மூட்டு ஊசி! ஒலிம்பிக் பக்கமே போகாத, ஆனால் மாவட்டப் போட்டி, பல்கலைக்கழக மீட், மூத்தோர் தடகளம் எதையும் விடாத வாசகர்கள் எழுதியவை. பதில் சொல்லும் நான் டாக்டர் இல்லை. படித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போகாமல், டாக்டரிடம் போங்கள்.

எனக்கு 54 வயது. மூத்தோர் போட்டிகளில் 1,500 மீட்டர் ஓடுகிறேன். தினமும் பி.பி. மாத்திரை. அதுவும் ஊக்கமருந்தா?
— வங்கி ஊழியர், தஞ்சாவூர்

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்ட்டான் மட்டும் இருந்தால் பயமில்லை. அம்லோடிபைன் மட்டும் என்றாலும் பயமில்லை. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்றோ 'சி.டி.' என்றோ ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வம்பு. 'எச்' பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'சி.டி.' குளோர்தாலிடோன். இரண்டுமே நீர் பிரிய வைக்கும் மருந்துகள். போட்டி நாளில் மட்டுமல்ல, வருடம் முழுக்கத் தடை.

இவை உங்களை ஒரு நொடிகூட வேகமாக ஓட வைக்காது. பிறகு ஏன் தடை? சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவும். மல்யுத்தம், குத்துச்சண்டை போன்றவற்றில் எடை பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கிலோவைக் கழிக்கவும் உதவும். யாரோ செய்த தில்லுமுல்லுக்கு உங்கள் பி.பி. மாத்திரை பலி.

ஷேன் வார்னை நினைவிருக்கிறதா? 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மாட்டிவிட்டது இதே ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த நீர் மாத்திரை. அம்மா கொடுத்தார் என்றார். 12 மாதத் தடை விழுந்தது. அம்மா கொடுத்தது என்பதால் தடை நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நீங்கள் செய்ய வேண்டியது, டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி நீர் மருந்து இல்லாத மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது. பலருக்கு முடியும். முடியாதென்றால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதை அடுத்த பதிலில் பாருங்கள். பதக்கத்துக்காக ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். தடை என்றைக்காவது முடியும். பக்கவாதம் அப்படியல்ல.

டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன். சீட்டு பத்திரமாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?
— கல்லூரி ஹாக்கி வீரர், கோவில்பட்டி

தம்பி, அந்தச் சீட்டு மருந்துக்கடைக்காரருக்கு எழுதியது. சோதனை செய்பவருக்கு எழுதியதல்ல.

விதி ரொம்பவும் கறார். உன் சிறுநீரில் தடை செய்த பொருள் இருந்தால் அதற்கு நீதான் பொறுப்பு. யார் கொடுத்தார், தெரிந்து சாப்பிட்டாயா, தெரியாமல் சாப்பிட்டாயா என்பதையெல்லாம் தண்டனை எவ்வளவு என்று தீர்மானிக்கும்போதுதான் கேட்பார்கள். விதிமீறலா இல்லையா என்ற இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உனக்கு வேண்டிய காகிதத்தின் பெயர் சிகிச்சைக்கான விலக்கு. மைதானத்தில் டி.யூ.இ. என்பார்கள். தேசிய அளவில் ஆடுகிறவர் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடமும், சர்வதேச அளவில் ஆடுகிறவர் அந்தந்த விளையாட்டின் உலகச் சம்மேளனத்திடமும் கேட்க வேண்டும். டாக்டர்கள் அடங்கிய குழு நான்கு விஷயங்களைப் பார்க்கும். நோய் உண்மையா, அதற்கு இந்த மருந்து தேவைதானா? உன்னைப் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவதைத் தாண்டி கூடுதல் பலம் எதுவும் தராதா? தடையில்லாத மாற்று மருந்து ஏதும் இல்லையா? விலக்கு இல்லாமல் முன்பு எடுத்த ஊக்கமருந்தின் விளைவாகவே இந்த நோய் வந்ததா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் கதை முடிந்தது.

போட்டிக்கு 30 நாளாவது முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிகிச்சை விவரம், ஏன் வேறு மருந்து ஒத்துவரவில்லை என்ற குறிப்பு எல்லாம் கூட வைக்க வேண்டும். 'இவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறார்' என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்கிப் போனால் திரும்பி வந்துவிடும். முழு விண்ணப்பம் கைக்கு வந்தபின் 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்பாய். பல பேருக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்கு நோயாளி மட்டுமே. 'டாக்டர், நான் போட்டிகளில் ஆடுகிறேன், ஊக்கமருந்துச் சோதனை நடக்கும்' என்பதைக் காய்ச்சல் எத்தனை நாளாக என்று அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு.

மகன் மாநில அளவில் கபடி ஆடுகிறான். இருமல் வந்தால் கடையில் சிரப் வாங்கித் தருவேன். அதில்கூடவா பிரச்சினை?
— ஒரு அம்மா, பெரம்பலூர்

அம்மா, அதில்தான் பிரச்சினை. 2019 பிப்ரவரியில் இந்தூரில் சையது முஷ்டாக் அலி கோப்பைப் போட்டி. பிருத்வி ஷாவிடம் மாதிரி எடுத்தார்கள். டெர்புட்டாலின் இருந்தது. இருமலுக்கு சிரப் குடித்தேன் என்றார். கிரிக்கெட் வாரியம் அதை நம்பியது. நம்பிவிட்டு 8 மாதம் தடையும் போட்டது! அதற்கு முன்பே யூசுப் பதான் இதே டெர்புட்டாலினுக்கு 5 மாதம் வீட்டில் இருந்திருக்கிறார். பெரிய வாரியம், சம்பளத்துக்கு டாக்டர், பிசியோ எல்லாரும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

டெர்புட்டாலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. மாத்திரை, சிரப், இன்ஹேலர் எந்த வடிவில் எடுத்தாலும், எந்த நாளில் எடுத்தாலும் தடைதான். சளி இருமலுக்கான நம் ஊர்க் கூட்டு மருந்துகளில் அம்ப்ராக்சால், புரோம்ஹெக்ஸின், குவைஃபெனெசின் இவற்றோடு இதுவும் அடிக்கடி சேர்ந்துகொள்ளும். முதல் மூன்றும் தடையில் இல்லை. இது மட்டும் இருக்கிறது. சில சிரப்புகளில் இதற்குப் பதில் சால்பியூட்டமால் இருக்கும். குடிக்கும் வடிவில் அதற்கும் தடை.

'இருமலுக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்காதீர்கள். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் பையனை விட்டே படிக்கச் சொல்லுங்கள். போன வருடம் அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் இரண்டாவது பாதி ஆட முடியாது. விட்டுவிடச் சொல்கிறீர்களா?
— கால்பந்து வீரர், வியாசர்பாடி

விடவே வேண்டாம். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு. அளவு மட்டும் உண்டு. 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகக்கூடாது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் வரும் இன்ஹேலர் என்றால் 8 மணி நேரத்துக்கு 6 அழுத்து. ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி இழுப்பதற்குத் தடையில்லை. அதில் சால்மெடெரால், ஃபார்மோடெரால் சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் உச்ச அளவு உண்டு.

பலர் இடறி விழுவது நெபுலைசரில். ஒரு சின்னக் குப்பியில் வழக்கமாக 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம். ஒரே தடவையில் ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடும். அதற்காக மூச்சு முட்டும்போது கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதே. வைத்துக்கொள். அவசர சிகிச்சைக்குப் பின்தேதியில் விலக்கு கேட்க விதியில் வழி இருக்கிறது. மருத்துவமனைக் காகிதங்களைப் பத்திரப்படுத்து.

அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு கிறிஸ் ஃபுரூம் சாட்சி. 2017-இல் ஸ்பெயின் சைக்கிள் பந்தயத்தில் அவர் சிறுநீரில் சால்பியூட்டமால் வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. குற்றமில்லை என்று முடிவாக 2018 ஜூலை ஆகிவிட்டது. அத்தனை மாதமும் வக்கீல், விஞ்ஞானி என்று அவர் செலவழிக்க முடிந்தது. உன்னாலும் என்னாலும் முடியாது.

போட்டிக்கு முந்தின நாள் காபி குடிக்கலாமா?
— கும்பகோணம் வாசகி

டிகிரி காபியே குடிக்கலாம். காஃபீன் 2004-இல் தடைப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

இரண்டு நாள் டோர்னமென்ட். முதல் நாளே பையன்கள் துவண்டுவிடுவார்கள். பக்கத்து கிளினிக்கில் ஆளுக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக் கூட்டிவருவோம். வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானே?
— கபடி அணி மேலாளர், ஒட்டன்சத்திரம்

வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். ஆனால் மேலாளரே, இங்கே தடை தண்ணீருக்கு அல்ல, குழாய்க்கு. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது தடை செய்யப்பட்ட முறை. உங்கள் பாட்டில் 500 மில்லி. உள்ளே உப்பா, சர்க்கரையா, வைட்டமினா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ரத்தத்தை நீர்க்கச் செய்து சோதனையை ஏமாற்றும் வித்தை உலகத்தில் இருப்பதால் வந்த விதி இது.

மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக ஏற்றினால் இந்தத் தடை பொருந்தாது. டெங்குவில் சேர்த்து ஏற்றினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். களைப்புக்கு வரிசையில் படுக்க வைத்து ஏற்றுவதை அந்த வகையில் சேர்க்க முடியாது.

அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லாக்டி 2018-இல் கையில் டிரிப்ஸ் ஓடும் படத்தைத் தானே இன்ஸ்டாகிராமில் போட்டார். ஏற்றியது அனுமதிக்கப்பட்ட பொருள்தான். தடை 14 மாதம்! உங்கள் அணியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பையன்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் இளநீரும் கொடுங்கள், வாய் வழியாக. அதற்குத் தடை கிடையாது. ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கும் தொல்லையும் கிடையாது.

நாட்டு மருந்தில் எந்த ஆபத்தும் இல்லைதானே? பச்சிலையை எந்த மெஷின் கண்டுபிடிக்கும்?
— சிலம்ப ஆசான், நாகர்கோவில்

பெரும்பாலான பச்சிலைகளைக் கண்டுபிடிக்காது ஆசானே. பச்சிலையோடு யாராவது எதையாவது அரைத்துப் போட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும். 2011 உலகக் கோப்பையின்போது இலங்கையின் உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு இருந்தது. தோள்பட்டை வலிக்கு நாட்டு மருந்து சாப்பிட்டதாகச் சொன்னார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 3 மாதம் உட்கார வைத்தது. பிரெட்னிசோலோன் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை.

சித்த மருத்துவத்தின் மேல் குறையில்லை. முறையாகத் தயாரித்து, மூலப்பொருள் அச்சிட்ட டப்பாவில் வருவது வேறு. பேப்பரில் மடித்துக் கொடுக்கும் கறுப்பு உருண்டை வேறு. இரண்டே நாளில் மூட்டுவலியைப் பறக்கச் செய்கிறது என்றால், எனக்கு உருண்டை மேல் மரியாதை வராது, சந்தேகம்தான் வரும்.

மட்டன் குருமாவில் கசகசா அரைத்து ஊற்றுகிறோமே, அது அபின் செடியின் விதைதானே?
— குசும்புக்காரர், காரைக்குடி

அதே செடிதான். விதையில் மார்ஃபின் சுவடு இருக்கும். அதனால்தான் மார்ஃபினுக்கு, 'துளி இருந்தாலும் குற்றம்' என்று இல்லாமல் மில்லி லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குருமாவுக்கு ஒரு ஸ்பூன் அரைப்பதற்காக யாரும் நடுங்க வேண்டாம். போட்டி நாளில் கசகசா பாயசத்தை மட்டும் டம்ளர் டம்ளராக இறக்காதீர்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாட்டிக்கொள்வேனா?
— வாலிபால் வீராங்கனை, ஈரோடு

இதில் கூச்சம் எதற்கு? வழக்கமாக எழுதித் தரும் நோரெதிஸ்டிரோன் தடையில் இல்லை. கருத்தடை மாத்திரைகளும் இல்லை. டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை என்பதால். நீர்க்கட்டி தொல்லைக்கும் முகத்தில் வளரும் முடிக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஒரு நீர் மருந்து. எல்லா நாளும் தடை. குழந்தைப்பேறு சிகிச்சையில் தரும் லெட்ரோசோல், குளோமிஃபீன் இரண்டும் எல்லா நாளும் தடை. பெண்களுக்கு விலக்கு கேட்கலாம். மெட்ஃபார்மினுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் தடையே இல்லை. கல்யாணமாகி, குழந்தைக்காகச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டு மூத்தோர் போட்டியிலோ காவல்துறை மீட்டிலோ ஓடும் பெண்களிடம் இந்தப் பட்டியலை எந்தப் பயிற்சியாளரும் உட்கார்ந்து சொல்வதில்லை. ஆண் பயிற்சியாளருக்குச் சங்கடம், வீராங்கனைக்குக் கூச்சம். நடுவில் மருந்து தன் பாட்டுக்குச் சிறுநீரில் இறங்கிவிடுகிறது.

முழங்காலில் ஊசி போட்டால் வலி போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பைனல். வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்ளலாமா?
— பேட்மின்டன் ஆட்டக்காரர், சேலம்

என்ன ஊசி? ஸ்டீராய்டு என்றால் கூடாது. 2022 முதல் ஸ்டீராய்டு ஊசி எதுவானாலும், மூட்டுக்குள் போட்டாலும், போட்டிக் காலத்தில் தடை. உடம்பிலிருந்து வெளியேற எத்தனை நாள் விட வேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா கணக்கு கொடுத்திருக்கிறது. மூட்டுக்குள் போட்ட ஊசிக்குப் பொதுவாக 3 நாள். டிரையம்சினோலோன் என்றால் 10 நாள். அதையே இடுப்பில், தசையில் குத்தினால் 60 நாள்! வாய்வழி மாத்திரைக்கும் பொதுவாக 3 நாள். போட்டிக் காலம் என்பது ஆட்டத்தன்று காலையில் தொடங்குவதல்ல. முந்தின நாள் இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடும்.

அதனால் டாக்டரிடம் ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையில் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் தடையில் இல்லை. டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. பாராசிட்டமாலோடு டிராமடால் கலந்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. மறுபடியும் அட்டையின் பின்பக்கம்தான்.

சும்மா ஒரு யோசனை. ஊசி போட்டால்தான் ஆட முடியும் என்கிற முழங்கால், ஞாயிற்றுக்கிழமை பைனலை விட முக்கியமான ஏதோ ஒன்றைச் சொல்கிறது.

மகளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின். நீச்சலில் மாநிலத் தேர்வுக்குப் போகிறாள். தடைப் பட்டியலில் இன்சுலின் இருப்பதாகச் சொல்லிப் பயிற்சியாளர் பயமுறுத்துகிறார்.
— ஒரு அப்பா, மதுரை

இருப்பது உண்மை. பயப்படுவது அநாவசியம். தசை வளர்க்க இன்சுலினைக் குத்திக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருப்பதால் பட்டியலில் ஏறியது. முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு அதைவிட்டால் வேறு மருந்து கிடையாது. அதனால் விலக்கு கேட்பவர்களிலேயே வழக்கு மிகத் தெளிவாக உள்ளவர்கள் இவர்கள்தான். நோய் கண்டறிந்த காகிதங்கள், சர்க்கரை அளவுகள், டாக்டரின் கடிதம் எல்லாம் சேர்த்து இப்போதே கேட்டு வையுங்கள். அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-இல் இதே நோய் என்று தெரிந்தது. 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். பயிற்சியாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

45 வயது. சோர்வாக இருக்கிறது என்று போனேன். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று மாதம் ஒரு ஊசி போடச் சொன்னார் டாக்டர். பளுதூக்குவதில் மூத்தோர் பிரிவில் இறங்கலாமா?
— ஜிம் அண்ணன், திருவொற்றியூர்

ஊசியா, மேடையா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் அண்ணே. விரை, பிட்யூட்டரி சுரப்பியில் திட்டவட்டமான நோய் இருந்தால்தான் விலக்கு கிடைக்கும். வயதானதால் குறைந்தது, தொப்பையால் குறைந்தது, சோர்வாக இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. இந்த வகைக்கு வழக்கமான தண்டனை 4 ஆண்டு.

மூத்தோர் பிரிவில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2018-இல் 90 வயது சைக்கிள் வீரர் ஒருவரையே சோதித்து, டிரென்போலோனின் சுவடு இருந்ததென்று எச்சரித்து, அன்றைய சாதனையைப் பறித்துவிட்டார்கள். முந்தின இரவு சாப்பிட்ட இறைச்சியிலிருந்து வந்திருக்கும் என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு! பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டத்தில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்த கெய்ர் ஹெல்கெமோ, டெஸ்டோஸ்டிரோனுக்கும் குளோமிஃபீனுக்கும் சேர்த்துத் தடை வாங்கியிருக்கிறார். சீட்டைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதுவரை சொல்லப்பட்டவற்றில் உங்களுக்குப் பிடித்த சாக்கு எது?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

இத்தாலி டென்னிஸ் வீராங்கனை சாரா எர்ரானி சொன்னது. 2017-இல் அவர் மாதிரியில் லெட்ரோசோல் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக அம்மா சாப்பிடும் மாத்திரை, அம்மா சமைத்த டோர்டெல்லினியில் விழுந்திருக்க வேண்டும் என்றார். நம் ஊர் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி அது. சிரிக்கிறீர்களா? விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை நம்பியது. ஆனாலும் முதலில் போட்ட 2 மாதத்தை 10 மாதமாக்கிவிட்டது. சமையல் மேடையில் மாத்திரை வைக்கும் வீடுகள் கவனிக்க.

ரஷ்யாவின் கமிலா வலியேவா, தாத்தாவின் இதய மருந்து டிரைமெட்டாசிடின் தன் உணவில் கலந்துவிட்டது என்றார். அது எடுபடவில்லை. 4 ஆண்டு.

சோதனைக்காரர்கள் வந்தால் நைசாக நழுவிவிட்டால் என்ன?
— பெயர் வேண்டாம், சென்னை

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளத்தில் இப்படித்தான் நடந்தது. நாடா ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் மிச்சம் நின்றது ஒரே ஒருவர். தனியாக ஓடி முதலிடம் வந்தார்! உங்களிடம் நேராக வந்து சொன்ன பிறகு மறுத்தாலோ ஓடினாலோ வழக்கமான தண்டனை 4 ஆண்டு. இருமல் சிரப்புக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். நில்லுங்கள். பாட்டில்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், ஏ, பி என்று இரண்டிலும் ஊற்றி நீங்களே மூடுங்கள், படிவத்தில் கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்துகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எழுதியதாலேயே மன்னிப்பு கிடைத்துவிடாது. ஆனால் பிறகு விசாரணையில் 'மறைக்கவில்லை' என்று சொல்ல அந்தக் காகிதம்தான் உதவும். 18 வயது ஆகாதவர் என்றால் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

மகன் செஸ் ஆடுகிறான். கவனக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். செஸ்ஸுக்குமா இதெல்லாம்?
— ஒரு அம்மா, மயிலாப்பூர்

செஸ்ஸுக்கும்தான். உலகச் செஸ் சம்மேளனம் இந்த விதிகளுக்கு உட்பட்டது. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாட்டில் கடைசிச் சுற்றில் தோற்ற கோபத்தில் இவான்சுக் சோதனைக்குப் போகாமல் விறுவிறுவென்று வெளியேறிவிட்டார். பெரிய ரகளை, பிறகு நடைமுறையில் கோளாறு இருந்ததென்று தண்டனை இல்லாமல் விட்டார்கள். மெத்தில்ஃபெனிடேட் என்றால் போட்டிக் காலத்தில் தடை, விலக்கு வேண்டும். அட்டோமோக்சிட்டின் என்றால் தடையில்லை. எது என்று பாருங்கள். செஸ்ஸுக்காக மருந்தை மாற்றுவதா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும், கோச் வேண்டாம்.

தேசிய முகாமில் இருப்பவனுக்கும் எனக்கும் ஒரே சட்டமா? இது நியாயமா?
— மாவட்ட ஓட்டக்காரர், புதுக்கோட்டை

முழுக்க ஒன்றல்ல. 2021 முதல் உலக விதியில் பொழுதுபோக்கு வீரர் என்று தனி வகை உண்டு. யார் யார் அதில் வருவார்கள் என்பதை நாடா வரையறுக்கும். ஐந்து வருடத்துக்குள் தேசிய அளவில் ஆடியவருக்கு அது பொருந்தாது. அந்த வகையில் வந்தால், மருந்து சாப்பிட்ட பிறகும் விலக்கு கேட்கலாம். பெரிய தப்பில்லை என்று காட்டினால் கண்டிப்போடுகூட விட்டுவிடலாம். பெயரை ஊர் முழுக்க அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விதி சரியா என்றால், சரி என்றுதான் சொல்வேன். 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எல்லாருமே தெரியாமல்தான் சாப்பிட்டிருப்பார்கள். 2022-இல் நாடா சோதித்த 3,865 மாதிரிகளில் 125-இல் தடை செய்த பொருள் இருந்தது. நூற்றுக்கு மூன்றுக்கு மேல். அவ்வளவு பேருக்கும் இருமலா வந்திருக்கும்?

நியாயமில்லாதது வேறொன்று. முகாமில் இருப்பவனுக்கு அணி டாக்டர் உண்டு. உங்களுக்கு மருந்துக்கடை அண்ணாச்சிதான் டாக்டர். விதியை மட்டும் இருவருக்கும் கொடுத்துவிட்டு, விவரத்தை ஒருவனுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். மாவட்டப் போட்டியின் நுழைவுப் படிவத்தில் ஷூ சைஸ் கேட்க இடம் இருக்கிறது, 'நீங்கள் சாப்பிடும் மருந்தைச் சரிபார்த்தீர்களா' என்று தமிழில் ஒரு வரி அச்சிட இடமில்லையா? பி.டி. மாஸ்டர்களுக்கு வருடத்தில் ஒரு மதியம் வகுப்பெடுக்க முடியாதா? சங்கங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் எழுதுங்கள், போடுகிறோம்.

சரி, நான் சாப்பிடும் மாத்திரையை எங்கே சரிபார்ப்பது?
— பலர், பல ஊர்கள்

நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' என்ற செயலி இலவசம். மருந்தின் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று சொல்லும். கடைப்பெயரை மட்டும் போட்டு நிறுத்தாமல் அட்டையில் உள்ள ஒவ்வொரு மூலப்பொருளையும் தனித்தனியாகப் போடுங்கள். வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா அனுப்பும் வெளிநாட்டுத் தளங்களை நம்ப வேண்டாம். அதே பெயரில் அங்கே விற்பதும் இங்கே விற்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புரோட்டீன் பவுடருக்கு எந்தச் செயலியும் உத்தரவாதம் தராது.

இன்னொன்று. வாடாவின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. போன வருடம் பார்த்தது இந்த வருடத்துக்குச் செல்லாது.